பிரெஞ்சுச் சொற்பட்டியலுக்குள் ஒரு சுற்றுச்சூழல் வரலாறு

பிரெஞ்சு கற்றுத்தரும் பாடப்புத்தகங்களில் "சுற்றுச்சூழல்" என்று ஒரு பாடம் பெரும்பாலும் இருக்கும். இடது பக்கம் பிரெஞ்சுச் சொல், வலது பக்கம் அதன் பொருள். பூபெல் என்றால் குப்பைத்தொட்டி. தெஷே என்றால் கழிவு. மாரே நுவார் என்றால் கடலில் எண்ணெய்க் கசிவு. கீழே ஒரு சின்ன இலக்கணக் குறிப்பு: "இல் ஃபோ" போட்டு ஐந்து வாக்கியங்கள் எழுதுக.

தேர்வுக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற பட்டியல்தான் இது. ஆனால் இதில் பல சொற்களுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. சிலவற்றுக்குப் பின்னால் பல வருடம் நடந்த வழக்குகளே இருக்கின்றன. அந்தச் சண்டைகள் எல்லாமே ஒரே கேள்வியைப் பற்றியவை: "இதற்கு யார் பொறுப்பு?"

குப்பைத்தொட்டி ஆகிப்போன அதிகாரி

பூபெல் என்பது உண்மையில் ஒரு மனிதரின் பெயர்! எழேன் பூபெல் (1831-1907) சட்டப் பேராசிரியராக இருந்தவர். 1883-இல் பாரிஸ் நகரம் அடங்கிய சேன் மாவட்டத்தின் நிர்வாகத் தலைவர் ஆனார். நம் ஊர் கலெக்டர் போன்ற பதவி.

அப்போது பாரிஸில் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுவதுதான் வழக்கம். 1883 நவம்பர் 24 அன்று பூபெல் ஓர் ஆணை பிறப்பித்தார். கட்டிட உரிமையாளர்கள் குடியிருப்பவர்களுக்கு மூடியுள்ள தொட்டிகள் தர வேண்டும். அதுவும் ஒன்றல்ல, மூன்று. அழுகும் பொருட்களுக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று. "தரம் பிரித்துப் போடுங்கள்" என்று இன்று சொல்லப்படுவதை அவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே சட்டமாக்கிவிட்டார்.

வீட்டுக்காரர்கள் செலவு என்று முணுமுணுத்தார்கள். தெருக் குப்பையில் துணியும் எலும்பும் பொறுக்கிப் பிழைத்த ஷிஃபோனியே எனப்படும் மக்கள் வயிற்றில் அடிப்பதாகக் கொதித்தார்கள். பத்திரிகைகள் அந்தத் தொட்டிக்கே அதிகாரியின் பெயரை வைத்துக் கேலி செய்தன. கேலிப்பெயர் சீக்கிரமே அகராதியில் ஏறிவிட்டது. தொட்டி நிலைத்தது, ஆனால் மூன்றாகப் பிரிக்கும் பழக்கம் நிலைக்கவில்லை. அது பிரான்சில் மறுபடி பரவலாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

போய்த் திரும்பி வந்த சொல்

சுற்றுச்சூழலுக்கு பிரெஞ்சில் ஆன்விரோன்மான் என்று பெயர். இதன் வேர் பழைய பிரெஞ்சு. "சுற்றி இருப்பது" என்று பொருள். அந்த வேர் ஆங்கிலத்துக்குப் போய், அங்கே புதுப் பொருள் பெற்று, 1960-களில் மீண்டும் பிரெஞ்சுக்குத் திரும்பியது. 1971 ஜனவரியில் பிரான்சில் முதன்முதலாகச் சுற்றுச்சூழலுக்கென ஓர் அமைச்சர் நியமிக்கப்பட்டார். அவர் ரொபேர் பூஜாத். பதவியை விட்டு இறங்கிய பின் 1975-இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பு "முடியாத காரியத்தின் அமைச்சகம்" என்ற பொருளில் இருந்தது. அவர் பட்ட பாடு அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது.

ஆள் இல்லாத வாக்கியம்

இப்போது இலக்கணத்துக்கு வரலாம். "இல் ஃபோ த்ரியே லே தெஷே" என்றால் "கழிவுகளைத் தரம் பிரிக்க வேண்டும்". "இல்" என்பது வழக்கமாக "அவன்" என்ற பொருள் தரும். ஆனால் இங்கே அது யாரையும் குறிக்காது, சும்மா இடத்தை நிரப்புகிறது. பிரெஞ்சு வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது என்பதால் ஒரு பொம்மையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தமிழில் "வேண்டும்" என்று முடித்தால் அந்தப் பொம்மைகூடத் தேவையில்லை. "மரம் நட வேண்டும்", "பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும்". சரி, யார்? வாக்கியம் சொல்லாது.

அடுத்தது செயப்பாட்டு வினை. "கடல் மாசுபடுத்தப்பட்டது" என்று பிரெஞ்சிலும் நிறுத்திக்கொள்ளலாம். யாரால் என்று சொல்ல விரும்பினால் "பார்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டாலும் இலக்கணப்படி வாக்கியம் சரிதான், மதிப்பெண் குறையாது. ஆனால் பிரான்சின் கடற்கரை மக்கள் பல வருடம் போராடியது இந்த "யாரால்" என்பதை நிரப்புவதற்குத்தான்.

கறுப்பு அலை

மாரே நுவார் என்பதன் நேர்ப்பொருள் "கறுப்பு ஓதம்". 1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கே பாறையில் மோதியது. எண்ணெய் பிரான்சின் பிரித்தானி கரைவரை வந்து ஒதுங்கியபோது இந்தச் சொல் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது.

பதினோரு வருடம் கழித்து, 1978 மார்ச் 16 அன்று, அதே பிரித்தானி கரையில் போர்சால் கிராமத்துக்கு எதிரே அமோகோ காடிஸ் என்ற கப்பல் தரைதட்டி உடைந்தது. 2,20,000 டன்னுக்கும் அதிகமான கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. கப்பலில் பறந்தது லைபீரியக் கொடி. உரிமையோ ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கையில். பிரித்தானியின் சின்னச் சின்ன ஊராட்சிகள் ஒன்றுசேர்ந்து அமெரிக்காவின் சிகாகோ நீதிமன்றம் வரை போய் வழக்கு நடத்தின. 1992-இல்தான் இழப்பீட்டு விஷயம் முடிவுக்கு வந்தது. ஒரு "யாரால்" நிரம்ப 14 வருடங்கள்!

1999 டிசம்பர் 12 அன்று எரிக்கா கப்பல் உடைந்தது. இந்த முறை வழக்கு பிரான்சிலேயே நடந்தது. 2012 செப்டம்பர் 25 அன்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தோத்தால் எண்ணெய் நிறுவனத்தின் மீதான தண்டனையை உறுதி செய்தது. "பிரெஜுதீஸ் எகோலோஜிக்", அதாவது இயற்கைக்கே நேர்ந்த இழப்பு என்ற கருத்தையும் ஏற்றது. மீனவரின் நஷ்டமோ ஓட்டல்காரரின் நஷ்டமோ மட்டுமல்ல, பறவைக்கும் கடலுக்கும் நேர்ந்ததும் இழப்புதான் என்பது இதன் பொருள். 2016-இல் இது பிரான்சின் குடிமைச் சட்டத்திலேயே எழுதப்பட்டது.

பட்டியலில் இன்னொரு சொல்லும் உண்டு: பொல்யுவேர்-பேயேர். "எர்" என்ற விகுதி செய்பவரைக் குறிக்கும். தமிழில் சொன்னால் "கெடுத்தவரே கொடுப்பவர்". "இல் ஃபோ" மறைத்த ஆளை இந்தச் சொல் முன்னால் இழுத்து நிறுத்துகிறது.

நம் வீடா, எங்கள் வீடா?

2002 செப்டம்பர் 2 அன்று ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் அதிபர் ழாக் சிராக் பேசிய ஒரு வாக்கியம் உலகப் புகழ் பெற்றது. வீடு எரிந்துகொண்டிருக்கிறது, நாமோ வேறு பக்கம் பார்க்கிறோம் என்றார். "நோத்ர்" என்ற சொல்லில்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. இதைத் தமிழில் "நம்" என்றும் சொல்லலாம், "எங்கள்" என்றும் சொல்லலாம். கேட்பவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதைத் தமிழ் பிரித்துக் காட்டும். பிரெஞ்சு காட்டாது.

இந்த வேறுபாடு சும்மா இலக்கண வேடிக்கை அல்ல. அதே சிராக்தான் 1995-இல் பிரெஞ்சு பொலினீசியாவில் அணுகுண்டுச் சோதனையை மீண்டும் தொடங்கியவர். 1966 முதல் 1996 வரை அந்தத் தீவுகளில் பிரான்ஸ் நடத்திய சோதனைகள் 193. குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் வாழைத் தோட்டங்களில் குளோர்தெகோன் என்ற பூச்சிக்கொல்லி 1972 முதல் தெளிக்கப்பட்டது. 1990-இல் பிரான்சில் அது தடை செய்யப்பட்டது. ஆனால் அந்தத் தீவுகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்து 1993 வரை அனுமதித்தார்கள். பின்னர் நடந்த ஆய்வில் அங்குள்ள வயது வந்தோரில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் இரத்தத்தில் அது இருப்பது தெரியவந்தது. அந்தத் தீவு மக்களைப் பொறுத்தவரை "நோத்ர்" என்பது "நம்" தானா?

வகுப்பில் "இல் ஃபோ" போட்டு ஐந்து வாக்கியம் எழுதுவது சுலபம். அதே ஐந்து வாக்கியத்தையும் "இல்" இல்லாமல், யார் செய்தார், யார் செய்ய வேண்டும் என்று பெயர் போட்டு எழுதிப் பார்த்தால் சொற்களும் மனதில் நிற்கும். மாசும் எங்கிருந்து வருகிறது என்று புரியும். பிரெஞ்சுக்கு மட்டுமல்ல, "வேண்டும்" என்று முடிகிற தமிழ்க் கட்டுரைகளுக்கும் இது பொருந்தும்.