கொடிமலைப் பாதையில் நமக்கு முன்னாடி நடந்தவங்க

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம கோயில் தொண்டர்கள் ஏழு பேர் மூன்கேட் வழியா கொடிமலை ஏறினோம். போட்டோ எல்லாம் குரூப்ல பார்த்திருப்பீங்க. போட்டோவுல வராத விஷயம் ஒன்னு இருக்கு, அதைத்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

பாதை ஆரம்பத்துலயே ஏத்தம்தான். படி படியா வேர், மழை பெஞ்சா வழுக்கும். ஐந்தாம் ஸ்டேஷன் தாண்டி 84க்குப் போறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. பாயான் லெப்பாஸ்ல முப்பது வருஷம் ஏர்கான் ஃபேக்டரிக்குள்ள நின்ன காலு, வேற என்ன செய்யும்? கூட வந்த தம்பிங்க லோத்தோங் குரங்கைப் பார்த்து படம் புடிச்சிக்கிட்டு ஓடுறானுங்க.

மலை முதுகுல ஏறினதும் மரம் மாறுது. செராயான்னு ஒரு பெரிய மரம், தூரத்துல இருந்து பார்த்தா தலை மட்டும் சாம்பல் நிறமா தெரியும். மலை முதுகுலதான் அது நல்லா வளரும். அதோட அறிவியல் பெயர்ல கர்ட்டிஸ்ங்கிற வெள்ளைக்காரர் பேர் இருக்கு. 1884ல கீழ உள்ள பூங்காவை, நாம கொரங்குத் தோட்டம்னு சொல்றோமே, அதை உருவாக்கினவர் சார்லஸ் கர்ட்டிஸ். நல்ல உழைப்பாளி, குறை சொல்லல. ஒரு மரத்துக்கே அவர் பேர் கிடைச்சிருக்கு. மண்ணு வெட்டுனவன், கல்லு சுமந்தவன் பேரு எந்த மரத்துல இருக்குன்னு நடக்கும்போது நினைச்சேன்.

கொடிமலைன்னு நாம ஏன் சொல்றோம்னு சின்னப் பசங்க கேட்டாங்க. கப்பல் வர்றது தெரிஞ்சா ஊருக்குச் சொல்ல மேல கொடி ஏத்துவாங்க, அதான். மலாய்ல புக்கிட் பெண்டேரா, அதே அர்த்தம். 1786ல பிரான்சிஸ் லைட் இந்தத் தீவுக்கு வந்து ரெண்டு மூணு வருஷத்துக்குள்ளயே மலைக்கு வழி வெட்டிட்டாங்க. குளிர்ந்த இடம், ஸ்ட்ராபெரி போட்டுப் பார்த்தாங்க, பிறகு பங்களா வந்துச்சு. ரயில் ஓட ஆரம்பிச்சது 1923லதான். அதுக்கு முன்னாடி நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல துரைமார் போனது குதிரையில, இல்லாட்டி டோலியில. டோலின்னா நாற்காலி, அதுக்கு ரெண்டு பக்கம் கம்பு, கம்புக்கு அடியில மனுஷன் தோள். நான் ஒரு தண்ணி போத்தலைத் தூக்கவே முனகினேன்.

யாரு வழி வெட்டுனது, சதுப்பை நிரப்புனது, ரோடு போட்டது? இங்கதான் சிலருக்குக் கோபம் வருது. 1790 வாக்குல இருந்து 1873 வரைக்கும் இந்தியாவுல இருந்து கைதிகளை கப்பல் கப்பலா பினாங்குக்கும் பிறகு மலாக்கா, சிங்கப்பூருக்கும் அனுப்பினாங்க. வங்காளம், பம்பாய், மெட்ராஸ் மூணு பக்கமும் இருந்து வந்தாங்க. ஆயுள் கைதின்னா நெத்தியில பச்சை குத்துவாங்க, குத்தம் என்னன்னு எழுதி. 1849லதான் அந்தச் சட்டத்தை எடுத்தாங்க. நாம திருநீறு பூசுற இடம் அது.

நம்ம கோயில் மலருக்கு நான் போன வருஷம் ஒரு கட்டுரை குடுத்தேன். அதுல இந்தக் கைதிகள் பத்தி ஒரு பாரா. அச்சுல வந்தப்ப அந்தப் பாரா காணோம். கேட்டதுக்கு ஒரு பெரியவர், "ஏன்யா, நம்ம முன்னோரைக் கைதின்னு எழுதி நீயே கேவலப்படுத்துறே"ன்னார். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு, பந்தல் கட்டுற காலத்துல இருந்து எனக்கு வழி காட்டினவர். அப்ப பதில் சொல்ல வாய் வரல. இப்ப சொல்றேன்.

1801 அக்டோபர் 24, திருப்பத்தூர்ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டாங்க. காளையார்கோவிலுக்கும் குன்றக்குடி முருகனுக்கும் திருப்பணி செஞ்ச அதே மருது பாண்டியர்தான். சின்ன மருதுவோட மகன் துரைசாமி, பதினஞ்சு வயசுன்னு சொல்றாங்க. அவனோட சேர்த்து 73 பேரை 1802 பிப்ரவரியில தூத்துக்குடியில கப்பல் ஏத்தி நாடு கடத்தினாங்க. எங்கே? இங்கதான் ஐயா, பினாங்குக்கு. அப்ப இந்தத் தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவுன்னு பேரு.

ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு கம்பெனி அதிகாரி. ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கத்துக்குடுத்ததே சின்ன மருதுதான். அதே அதிகாரிதான் பிறகு அவங்களுக்கு எதிரா படையில வந்தார். துரைசாமியைக் கப்பலேத்தும்போதும் தூத்துக்குடியில இருந்தவர். 1818ல உடம்பு சரியில்லாம பினாங்குக்கு வந்தப்ப, தளர்ந்துபோன ஒரு ஆள் அவர் முன்னாடி வந்து நிக்கிறான். அவருக்கு அடையாளம் தெரியல. அவன் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே உத்துப் பார்த்து, தன் பேரைச் சொன்ன பிறகுதான் அது துரைசாமின்னு புரியுது. கணக்குப் போட்டா அப்ப அவனுக்கு முப்பத்தொன்னு முப்பத்திரெண்டு வயசு. கிழவன்னு நினைச்சிருக்கார். 1830ல வந்த தன்னோட புத்தகத்துல வெல்ஷே இதை எழுதி வெச்சிருக்கார், நம்ம ஆளு சொன்ன கதை இல்ல.

எனக்கும் அந்த வயசுல ஒரு மகன் இருக்கான். 84ல தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இதைச் சொன்னப்ப, முன்னாடி ஓடினானுங்களே அந்தத் தம்பிங்க, ஒருத்தனும் போனை எடுக்கல.

கப்பல்ல வந்த கைதிங்க எல்லாரும் துரைசாமி இல்ல, அதையும் சொல்லிடணும். திருடினவன் இருப்பான், கொலை செஞ்சவனும் இருப்பான். பஞ்சத்துல ஒரு மூட்டை நெல்லு எடுத்தவனும் இருப்பான். நம்மள்ல பல பேரோட குடும்பம் அவங்க வழியே இல்ல, பிறகு கரும்புத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் வந்தவங்க, வியாபாரத்துக்கு வந்தவங்க. ஆனா ஊருல முதல் ரோடு போட்டது யாருன்னு கேட்டா பதில் மாறாது.

தண்ணிமலைக் கோயிலும் இதே மலையோட அடிவாரம்தான். முதல்ல அருவிப் பக்கம் சின்னச் சன்னதியா இருந்து, பிறகு இப்ப உள்ள குன்றுக்கு வந்து, 2012ல மேல பெரிய கோயிலா எழும்பியிருக்கு. 513 படி. பூசத்துக்கு நாம அங்க தண்ணீர்ப் பந்தல் போடுறோம். அதே அருவித் தண்ணியைத்தான் அந்தக் காலத்துல ஊருக்கும் கப்பலுக்கும் வாய்க்கால் கட்டிக் கொண்டுபோனாங்க.

அடுத்த கமிட்டி மீட்டிங்குல அந்தப் பாராவைத் திரும்பக் குடுக்கப் போறேன், இந்தத் தடவை துரைசாமி பேரோட. பெரியவருக்கு இந்தப் பதிவை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். நீல டிக் வந்துருச்சு, பதில் இன்னும் வரல.

வர்ற ஞாயிறு காலை 6.30க்கு மறுபடி ஏறுறோம், மூன்கேட் முன்னாடி கூடுங்க. தண்ணி ரெண்டு போத்தல் கொண்டு வாங்க. ஒன்னு உங்களுக்கு, ஒன்னு மேல 84ல தேத்தண்ணி போடுறவங்களுக்கு. முருகா சரணம்.