மூன்று பேர், ஐந்து நாற்காலிகள்: திறமூலத் தரவுத்தளங்களில் நிறுவனமும் சமூகமும்

திறமூல மென்பொருளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தை ஒரு கட்சியாகவும் சமூகத்தை எதிர்க்கட்சியாகவும் நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பாகுபாடு மேடைக்கு வசதியானது, வரலாற்றுக்குப் பொருந்துவதில்லை. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய இரு தரவுத்தளங்களும் 1990களின் நடுவில், ஏறத்தாழ ஒரே காலத்தில், பொதுப் புழக்கத்துக்கு வந்தவை. அவற்றின் பாதைகள் பிரிந்த இடங்களைப் பார்த்தால் மூன்று கேள்விகளே திரும்பத் திரும்ப எழுகின்றன. நிரலின் பதிப்புரிமை யாரிடம்? பெயர் யாரிடம்? முடிவெடுக்கும் குழுவில் யாருடைய ஊழியர்கள் பெரும்பான்மை? நல்லெண்ணம் நான்காவது இடத்துக்குக்கூட வருவதில்லை.

மைஎஸ்கியூஎல் 1995இல் சுவீடனில் மைக்கேல் வைடனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகியோரின் நிறுவனத்தில் பிறந்தது. 2000 ஜூனில் அது ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்தது. வருமானத்துக்கு அவர்கள் கண்ட வழி இரட்டை உரிமம். யாரும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் தம் பொருளோடு இணைத்து விநியோகிப்பவர் தம் நிரலையும் திறந்து வைக்க வேண்டும். அதற்கு மனமில்லாதவர் பணம் கொடுத்து வணிக உரிமம் வாங்கிக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. வணிக உரிமம் விற்க வேண்டுமென்றால் நிரலின் ஒவ்வொரு வரிமீதும் நிறுவனத்துக்கு உரிமை இருக்க வேண்டும். எனவே திருத்தம் அனுப்பும் வெளியாரும் உரிமையை எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஊரே புழங்கிய நிலத்துக்குப் பட்டா மட்டும் ஒருவர் பெயரில் இருந்தது.

பட்டா இருந்தால் விற்கலாம். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 100 கோடி டாலருக்கு மைஎஸ்கியூஎல் நிறுவனத்தை வாங்கியது. 2009 ஏப்ரலில் அந்த சன்னையே வாங்கப்போவதாக ஆரக்கிள் அறிவித்தது. தரவுத்தளச் சந்தையில் முதலிடத்தில் இருந்த நிறுவனத்தின் கைக்கு, அதற்கு மாற்றாக வளர்ந்த மென்பொருளும் போய்ச் சேர்ந்தது. வைடனியஸ் ஐரோப்பிய ஆணையத்திடம் எதிர்ப்புத் தெரிவித்தார், கையெழுத்து இயக்கம் நடத்தினார். முதலில் சன்னுக்கு விற்றவர்களில் அவரும் ஒருவர்தானே என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு, கேள்வி நியாயமானது. டிசம்பரில் ஆரக்கிள் ஐந்தாண்டுக் காலத்துக்குப் பத்து உறுதிமொழிகளை வெளியிட்டது. 2010 ஜனவரி 21 அன்று ஆணையம் ஒப்புதல் தந்தது. அதற்குள் வைடனியஸ் அதே நிரலிலிருந்து மரியாடிபி என்ற புதிய கிளையைப் பிரித்துவிட்டிருந்தார். அவ்வாறு பிரிக்கும் உரிமையை ஜிபிஎல் எல்லாருக்கும் தந்திருந்தது. ஆனால் பழைய பெயரும் வணிக உரிமம் விற்கும் அதிகாரமும் ஆரக்கிளிடமே தங்கின.

இதற்குப் பின் வந்த திருப்பம் இன்னும் சுவையானது. மரியாடிபியைச் சுற்றி எழுந்த நிறுவனம் 2016இல் தன் மேக்ஸ்ஸ்கேல் மென்பொருளை 'பிசினஸ் சோர்ஸ்' உரிமத்துக்கு மாற்றியது. நிரலை எவரும் படிக்கலாம். வணிகப் பயன்பாட்டுக்கு வரம்பு உண்டு. குறித்த காலம் கடந்தபின் அது முழுத் திறமூலமாகும். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெராஃபார்ம் மென்பொருளை மூட எடுத்துக்கொண்டது இதே உரிமத்தைத்தான். பெருநிறுவனத்திடமிருந்து பொதுச்சொத்தைக் காக்கப் புறப்பட்ட அணியின் பட்டறையில் செய்த பூட்டு அது. அவர்களைக் கபடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாதாமாதம் சம்பளம் போட வேண்டிய எவரும் வந்து சேரும் இடம் அது.

போஸ்ட்கிரெஸின் தொடக்கத்தில் சம்பளம் போடும் நிறுவனமே இல்லை. 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டம் 1990களின் முற்பகுதியில் முடிந்துபோனது. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் அதற்கு எஸ்கியூஎல் மொழியைச் சேர்த்தார்கள். 1996இல் அதைப் பொறுப்பேற்றவர்கள் டொரன்டோ, பிலடெல்ஃபியா, பசடேனா, சைபீரியாவின் கிராஸ்நயார்ஸ்க் என்று சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள். உரிமமோ எவரும் எதுவும் செய்துகொள்ளலாம் என்ற தாராளமான பல்கலைக்கழக உரிமம். பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கச் சொல்ல ஒரு நிறுவனம் இல்லாததால் அது எழுதியவர்களிடமே தங்கியது. யாரும் திட்டமிட்டு அமைத்த பாதுகாப்பு அல்ல இது. வாங்க ஆள் இல்லாததால் அமைந்தது.

பணம் பிறகு வந்தது. 2000இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் கிரேட் பிரிட்ஜ் என்ற நிறுவனம் போஸ்ட்கிரெஸை நம்பித் தொடங்கப்பட்டு, டாம் லேன், புரூஸ் மோம்ஜியன் போன்ற முக்கிய நிரலர்களை வேலைக்கு அமர்த்தியது. 2001 செப்டம்பரில் மூடப்பட்டது. நிரலர்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். நிரல் எழுதுவது நிற்கவில்லை. சம்பளம் ஓரிடத்திலும் திட்டத்தின் ஆட்சி வேறிடத்திலும் இருக்கும் பழக்கம் அதன்பிறகு வேரூன்றியது. திட்டத்தை வழிநடத்தும் மையக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தில் வேலை செய்யக்கூடாது என்ற எழுதப்படாத விதியும் அதோடு ஒட்டியதே.

அந்த விதிக்கு 2020இல் சோதனை வந்தது. என்டர்பிரைஸ்டிபி நிறுவனம் செகண்ட்குவாட்ரன்டை வாங்கியபோது, மையக் குழுவின் ஐவரில் மூவர் ஒரே முதலாளியின்கீழ் வந்துவிட்டார்கள். மூவரில் எவரும் தவறு செய்ததாகப் புகார் இல்லை. ஆனாலும் நவம்பரில் குழு இரண்டு நாற்காலிகளைக் கூட்டி, மைக்ரோசாஃப்டில் பணிபுரிந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டையும் க்ரஞ்சி டேட்டாவின் ஜோனதன் காட்ஸையும் சேர்த்துக்கொண்டது. ஐந்தில் மூன்று, ஏழில் மூன்றாயிற்று.

அதே ஆண்டு, அதே கணக்கு ரெடிஸ் என்ற இன்னொரு திறமூலத் தரவுத்தளத்திலும் வந்தது. 2009இல் அதைத் தொடங்கிய சால்வதோரே சான்ஃபிலிப்போ 2020 ஜூனில் பொறுப்பிலிருந்து விலகினார். பிறகு அமைந்த ஐவர் குழுவில் மூவர் ரெடிஸ் லேப்ஸ் ஊழியர்கள். மற்ற இருவர் அமேசானையும் அலிபாபாவையும் சேர்ந்தவர்கள். இங்கே நாற்காலி கூடவில்லை. பெயரின் வணிகக்குறியும் ரெடிஸ் லேப்ஸிடமே இருந்தது. 2021இல் அது தன் பெயரையே ரெடிஸ் என்று சுருக்கிக்கொண்டது. 2024 மார்ச் 20 அன்று, இனி வரும் பதிப்புகளுக்கு அதுவரை இருந்த தாராளமான பிஎஸ்டி உரிமம் கிடையாது என்று அறிவித்தது. நிறுவனத்தின் மனக்குறை பொய்யல்ல. அதன் ஊழியர்கள் உழைத்து எழுதியதை கிளவுட் நிறுவனங்கள் வாடகைக்கு விட்டுச் சம்பாதித்துக்கொண்டிருந்தன.

எட்டே நாளில், மார்ச் 28 அன்று, லினக்ஸ் அறக்கட்டளையின் நிழலில் வால்கீ என்ற கிளை பிறந்தது. சமூகம் வென்றது என்று பலர் எழுதினார்கள். அந்தச் சமூகத்தின் பெயர்ப்பட்டியலைப் படித்தால் அமேசான், கூகுள், எரிக்சன், ஸ்னாப், கூடவே ஆரக்கிள்! 2009இல் எந்த நிறுவனத்தைக் கண்டு அஞ்சிக் கிளை பிரித்தார்களோ, அதே நிறுவனம் 2024இல் கிளைக்குக் காவல் நின்றது. ஆரக்கிள் திருந்திவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. அங்கே அது பலரில் ஒன்று. தனியாக விற்கவோ மூடவோ அதன் கையில் எதுவுமில்லை. 2025 மேயில் ரெடிஸ் ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்து மீண்டும் திறமூலமானது. வால்கீ தன் வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியானால் நிறுவனமே இல்லாத திட்டம்தான் பத்திரமானதா? வால்கீ அறிவிப்புக்கு மறுநாள், 2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, சர்வரில் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று துருவப்போய், எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்குள் யாரோ கள்ளவாசல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். லினக்ஸ் உலகம் முழுதும் பரவியிருந்த அந்த மென்பொருளைப் பல்லாண்டுகள் ஊதியமின்றிப் பராமரித்தவர் ஒரே ஒருவர். அவர் களைத்திருந்த காலத்தில், உதவுகிறேன் என்று வந்து இரண்டாண்டுக்கும் மேலாக நம்பிக்கை சம்பாதித்த புனைபெயர்க்காரர்தான் வாசலை வைத்தவர். அதைக் கண்டுபிடித்தவரோ மைக்ரோசாஃப்டின் சம்பளத்தில் போஸ்ட்கிரெஸுக்கு உழைப்பவர்.