புளூஃபிராக்

புளூஃபிராக் என்பது மும்பையின் லோயர் பரேல் பகுதியில் 2007 முதல் 2016 வரை இயங்கிய இசை அரங்கும் இரவு விடுதியும் ஆகும். நீலத் தவளை என்பது இப்பெயரின் பொருள். திரையிசையைச் சாராத ராக், ஜாஸ், மின்னணு இசை, நாட்டார் கலப்பிசை முதலிய மாற்று இசைக் குழுக்கள் தம் சொந்தப் பாடல்களை முறையான மேடையில் அரங்கேற்ற வழிசெய்தமையால் இது குறிப்பிடத்தக்கது.

பின்னணி

இந்தியாவில் ராக் இசை பெரும்பாலும் கல்லூரி விழாக்களில் வளர்ந்தது. புகழ்பெற்ற மேற்கத்தியப் பாடல்களை அப்படியே இசைக்கும் வழக்கமே அங்கு மிகுந்திருந்தது. மும்பையில் 1986இல் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் விழா, ரங் பவன் என்னும் திறந்தவெளி அரங்கில் நடைபெற்று வந்தது. நடுவண் அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி வலயம் அமைக்க வகைசெய்தன. இரவு 10 மணிக்குப் பின் திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்துவதையும் தடுத்தன. ரங் பவனின் அருகிலேயே மருத்துவமனையும் கல்லூரியும் இருந்தமையால் அங்கு இசை ஓய்ந்தது. ஒலி வெளியேறாத மூடிய அரங்கின் தேவை இவ்வாறு எழுந்தது.

தோற்றமும் அமைப்பும்

லோயர் பரேல் பழைய பஞ்சாலைப் பகுதியாகும். 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ 2.5 இலட்சம் தொழிலாளர் மேற்கொண்ட வேலைநிறுத்தத்திற்குப் பின் இங்கு ஆலைகள் பல நலிந்து மூடப்பட்டன. அந்நிலங்களில் பின்னர் அங்காடிகளும் அலுவலகங்களும் கேளிக்கை விடுதிகளும் எழுந்தன. அவற்றுள் ஒன்றான மதுராதாஸ் மில் வளாகத்தின் கிடங்கில் புளூஃபிராக் அமைந்தது. இசையமைப்பாளர்கள் அசுதோஷ் பாடக், துருவ் காணேக்கர், திரைப்பட இயக்குநர் மகேஷ் மத்தாய் உள்ளிட்டோர் இதனை நிறுவினர். விடுதியுடன் ஒலிப்பதிவுக் கூடங்களும் இணைந்திருந்தன.

சீரி கட்டடக்கலை நிறுவனம் இதனை வடிவமைத்தது. வட்ட வடிவ இருக்கைக் கூண்டுகள் மேடையிலிருந்து விலக விலகச் சற்றே உயர்ந்து செல்லும். இதனால் முன்னிருப்போர் எழுந்து நின்றாலும் பின்னிருப்போருக்கு மேடை மறையாது. உணவும் மதுவும் விற்கும் இடத்தில் இசையே முதன்மையாக இருக்க வேண்டும் என்னும் எண்ணம் இவ்வமைப்பில் தெளிவாகத் தெரிகிறது எனலாம்.

தமிழ்நாட்டில் மதுக்கூட உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் மன்றங்களுக்குமே வழங்கப்படுவதால் இத்தகைய தனி இசை விடுதிகள் வேரூன்றவில்லை. சென்னைக் குழுக்களுக்கு விடுதி மதுக்கூடங்களும், சென்னை ஐஐடியின் சாரங் போன்ற கல்லூரி விழாக்களுமே மேடைகளாயின.

மூடல்

டெல்லி, புனே, பெங்களூரு ஆகிய நகரங்களிலும் கிளைகள் தொடங்கப்பட்டன. டெல்லிக் கிளை நீடிக்கவில்லை. மும்பை அரங்கு 2016 ஆகஸ்ட் மாதத்தில் மூடப்பட்டது.