நோயுறாத சுண்டெலி: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஆய்வில் விலங்கு மாதிரிகளின் வரலாறு

தமிழில் 'மாதிரி' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. கடைக்காரர் எடுத்துக் காட்டும் ஒரு பிடி அரிசி மூட்டையின் மாதிரி. அது மூட்டையின் பகுதியே. 'அண்ணன் மாதிரி' என்னும்போதோ அச்சொல் ஒப்புமையைக் குறிக்கிறது. அப்படிச் சொல்லப்படுபவர் அண்ணன் அல்லர். ஆய்வுக்கூட விலங்கு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எதில் மனிதனை ஒத்திருக்கிறது, எதில் விலகுகிறது என்னும் கேள்வி அதனோடு எப்போதும் உடன்வரும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயின் ஆய்வில், ஒரு சுண்டெலி எழுப்பிய அத்தகைய கேள்விக்கு வலுவான விடையொன்று கிடைக்க 24 ஆண்டுகள் ஆயின.

1938இல் நியூயார்க்கில் நோய்க்கூறியல் அறிஞர் டாரதி ஆண்டர்சன் இதனைத் தனியொரு நோயாக விவரித்தார். இறந்த குழந்தைகளின் கணையத்தில் அவர் கண்ட நார்த்திசு மாற்றமே நோயின் பெயருக்கு அடிப்படை. ஆயினும் பிற்காலத்தில் நோயாளிகளின் உயிரைப் பெரிதும் பறித்தது நுரையீரல் பாதிப்புதான். மூச்சுக்குழாய்களில் கெட்டியான சளி தேங்க, இளவயதில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்களும், பின்னர் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் குடியேறுகின்றன. சூடோமோனாஸ் நாளடைவில் தன்னைச் சுற்றிக் கூழ் போன்ற உறையை உருவாக்கிக்கொள்கிறது. அந்நிலையை எட்டிய தொற்றை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் அடியோடு அகற்றுவது மிக அரிது.

ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இத்தொற்றை விலங்குகளில் உருவாக்குவது எளிதாக இல்லை. நலமான விலங்கின் நுரையீரலில் பாக்டீரியாவைச் செலுத்தினால், அது விரைவில் அவற்றை அகற்றிவிடும். அளவு மிகுந்தால் கடும் தொற்றினால் இறந்துவிடும். இரண்டிற்கும் இடைப்பட்ட நாட்பட்ட தொற்று தானாக அமையவில்லை.

1979இல் இதற்கொரு வழி பிறந்தது. கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகரில் நுண்ணிய மணிகளை உருவாக்கி, அவற்றுள் சூடோமோனாஸை அடைத்து, எலிகளின் மூச்சுக்குழாய் வழியே செலுத்தினர். எலியின் நுரையீரலால் மணிகளை எளிதில் வெளியேற்ற இயலவில்லை. தொற்று வாரக்கணக்கில் நிலைத்தது. 1990இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அகருக்கு மாற்றாக ஆல்ஜினேட்டைப் பயன்படுத்தினர். சூடோமோனாஸ் தன் கூழுறையை உருவாக்கப் பயன்படுத்துவதும் ஆல்ஜினேட்தான் என்பதால், அது இயற்கைக்கு ஒருபடி நெருங்கிய ஏற்பாடாக அமைந்தது. மருந்துகளையும் தடுப்பூசி முயற்சிகளையும் சோதிக்க இம்முறைகள் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் மணி என்பது மனிதர் வைத்த பொறி. அது நோயின் விளைவைப் போலச் செய்தது, மூலக்காரணத்தைத் தொடவில்லை.

காரணம் 1989இல் தெரியவந்தது. லாப்-சீ சூய், ஜான் ரியார்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் சி.எஃப்.டி.ஆர். மரபணுவைக் கண்டறிந்தன. குளோரைடு, பைகார்பனேட் அயனிகளைச் செல்சவ்வின் வழியே கடத்தும் புரதம் அம்மரபணுவிலிருந்து உருவாகிறது. மூன்றே ஆண்டுகளில், வட கரோலினாவில் பெவர்லி கோலர், ஆலிவர் ஸ்மிதீஸ் ஆகியோரின் குழு அம்மரபணு செயலிழந்த சுண்டெலிகளை உருவாக்கியது. மணிகளின் துணையின்றி நோய் தானே தோன்றும் என்று எதிர்பார்க்கப்பட்டது. சுண்டெலிகள் இறக்கத்தான் செய்தன. ஆனால் நுரையீரல் நோயால் அல்ல, குடலடைப்பால். மனிதரிடம் காணப்படும் நுரையீரல் தொற்று அவற்றிடம் தானாகத் தோன்றவில்லை.

அடுத்த பத்தாண்டுகள் பெரும்பாலும் இக்குறையை ஈடுசெய்யும் முயற்சிகளிலேயே கழிந்தன. 1994இல் குடலில் மட்டும் மனித மரபணு செயல்படும் சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. அவை குடலடைப்பிலிருந்து தப்பின. 1995இல் எடின்பரோ ஆய்வாளர்கள் சுண்டெலிகளை மீண்டும் மீண்டும் பாக்டீரியாவுக்கு உட்படுத்தி நுரையீரல் பாதிப்பைக் காட்டினர். 2004இல் மார்கஸ் மால், ரிச்சர்ட் பௌச்சர் முதலியோர் சி.எஃப்.டி.ஆரைத் தொடாமல், மூச்சுக்குழாயில் சோடியம் உறிஞ்சப்படுவதை மிகுவித்துச் சளித்தேக்கத்தை உண்டாக்கினர். ஒவ்வொன்றும் பயன் தந்தது. ஆனால் அடிப்படை வினா அப்படியே நின்றது: அதே மரபணு செயலிழந்தும் சுண்டெலியின் நுரையீரல் ஏன் தப்பிக்கிறது?

விடைக்கு வேறொரு விலங்கு வேண்டியிருந்தது. 2008இல் ஐயோவா, மிசௌரி பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சி.எஃப்.டி.ஆர். இல்லாத பன்றிகளை உருவாக்கினர். பிறக்கும்போது அவற்றின் நுரையீரலில் தொற்றும் இல்லை, அழற்சியும் இல்லை. சில மாதங்களில் இரண்டும் தோன்றின. தொற்று முதலா, அழற்சி முதலா என்பது இத்துறையின் பழைய விவாதம். பன்றிக்குட்டியின் நுரையீரல் அழற்சி தோன்றுமுன்பே பாக்டீரியாவை அகற்றுவதில் பின்தங்குகிறது என்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. பாக்டீரியாவை ஒட்டிய நுண்ணிய தங்கவலைகளை மூச்சுக்குழாயின் மேற்பரப்பில் வைத்துப் பார்த்தபோது, அங்குள்ள திரவத்தில் அமிலத்தன்மை மிகுந்திருப்பதும், அதனால் அதன் பாக்டீரியக் கொல்திறன் குறைவதும் 2012இல் தெரிந்தன.

அதன்பின் ஆய்வு மீண்டும் சுண்டெலிக்குத் திரும்பியது. மனிதருக்கும் பன்றிக்கும் மூச்சுக்குழாய்ச் செல்களில் ஏ.டி.பி.12ஏ என்னும் அமில வெளியேற்றி உண்டு. சுண்டெலியிடம் அது மிகக் குறைவு. பைகார்பனேட் நின்றுபோனால் மனிதரிடமும் பன்றியிடமும் அமிலம் ஓங்குகிறது; சுண்டெலியிடம் ஓங்குவதற்கே அமிலம் இல்லை. அந்த வெளியேற்றியைச் சி.எஃப்.டி.ஆர். இல்லாத சுண்டெலியின் மூச்சுக்குழாயில் புகுத்தியபோது அதன் தற்காப்பும் தளர்ந்தது. இது 2016இல் வெளியானது. அடுத்த ஆண்டே, சிறுவர்களின் மூச்சுக்குழாயில் நேரடியாக அளந்த ஆஸ்திரேலிய ஆய்வு அத்தகைய அமில மிகுதியைக் காணவில்லை. ஆகவே விவாதம் முடிந்துவிடவில்லை. எனினும் அது இப்போது அளந்து சோதிக்கத்தக்க விவாதமாகியிருக்கிறது.

இவ்வரலாற்றை, தவறான விலங்கிலிருந்து சரியான விலங்குக்குச் சென்ற பயணமாகச் சுருக்கிவிடுவது எளிது. 1959இலேயே ரஸ்ஸலும் பர்ச்சும் தம் நூலில் இம்மயக்கத்தைச் சுட்டியிருந்தனர்: எல்லாவற்றிலும் மனிதனை ஒத்திருக்கும் விலங்குதான் சிறந்த மாதிரி என்பது பிழை. சுண்டெலி விலகி நின்ற ஓரிடமே இங்கு அறிவுக்கு வழிகாட்டியது. பன்றியின் நெருக்கத்திற்கும் விலை உண்டு: பிறந்த குட்டிகள் அனைத்திற்கும் குடலடைப்பு, உடனடி அறுவைச் சிகிச்சை. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஐவாகாஃப்டர் மருந்தோ இவ்விலங்குகளின் தொற்று ஆய்விலிருந்து பிறக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட செல்களே அதற்குக் களம்.

எனவே, விலங்கு ஆய்வு பற்றிய கட்டுரையொன்றைப் படிக்கும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது, அவ்விலங்கு மனிதனை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதன்று. அது நோயின் காரணத்தை ஒத்திருக்கிறதா, விளைவை மட்டும் ஒத்திருக்கிறதா என்பதே. அகர் மணி இட்ட எலியில் வென்ற மருந்து, நிலைபெற்ற தொற்றைப் பற்றிச் சொல்லக்கூடும். அத்தொற்று ஒரு குழந்தையிடம் ஏன் தொடங்குகிறது என்பதை அதனால் சொல்ல இயலாது.