மெலிந்த இறைச்சியின் விலை: பன்றித் தசையின் தரமும் மூன்று மரபணுக்களும்

வெளிறி, தளர்ந்து, நீர் கசியும் பன்றி இறைச்சிக்கு அறுப்புக்கூடத்தின் கவனக்குறைவே காரணம் என்பது பாதி உண்மைதான். கொழுப்பு குறைந்த, சதை திரண்ட விலங்கையே தேடிய இனத்தேர்வுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. பியெட்ரெய்ன் போன்ற இனங்களில் ஹாலோதேன் மயக்க மருந்தை முகர்ந்த சில பன்றிகள் விறைத்துப்போயின; இப்படிக் கசியும் இறைச்சியைத் தந்தவையும் அவையே. 1991இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் மெக்லென்னன் குழு இதன் வேரைக் கண்டது. தசைச் செல்லில் கால்சியத்தை வெளிவிடும் ரயனோடின் ஏற்பியில், 615ஆம் இடத்தில் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டைன் அமர்ந்திருந்தது. அந்த வாயில் எளிதில் திறந்து, திறந்தே கிடக்கிறது. அறுத்தபின் கிளைக்கோஜன் வேகமாகச் சிதைந்து லாக்டிக் அமிலம் சேர்கிறது. முக்கால் மணி நேரத்துக்குள், உடற்சூடு தணியும் முன்பே, பிஎச் 6க்குக் கீழே இறங்கிவிடுகிறது. சூடும் அமிலமும் ஒருசேரத் தாக்கப் புரதங்கள் இயல்பிழந்து, பிடித்துவைத்த நீரை விட்டுவிடுகின்றன. இதே மாற்றம் சதை மிகுந்த ஐந்து இனங்களில் காணப்பட்டது; அதைச் சூழ்ந்த மரபணுப் பகுதியும் ஒத்திருந்தது. ஒரே மூதாதையிடமிருந்து பரவிய மாற்றம் இத்தனை இனங்களில் நிலைத்தது தற்செயலல்ல. அது தந்த மெலிந்த உடலை வளர்ப்போர் விரும்பித் தேர்ந்தனர்.

ஹாம்ப்ஷயர் இனத்தின் கதையும் இதற்கு இணையானது, ஆனால் வழி வேறு. பி.ஆர்.கே.ஏ.ஜி.3 என்ற மரபணு, செல்லின் ஆற்றல் இருப்பை உணரும் நொதியின் ஒரு பகுதியை ஆக்குகிறது. அதில் 200ஆம் இடத்தில் அர்ஜினைன் போய்க் குளூட்டமைன் வந்திருப்பதை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே தசையின் கிளைக்கோஜன் ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுகிறது. பிஎச் வழக்கமான வேகத்தில்தான் இறங்குகிறது. ஆனால் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கிறது. வேகத்தின் பிழை ஒன்று, அளவின் பிழை மற்றொன்று. 45 நிமிட அளவீடு முதலதைக் காட்டும். மறுநாள் எடுக்கும் அளவீடே இரண்டாவதைக் காட்டும். இவ்விரண்டையும் 'நீர் கசியும் இறைச்சி' என்று ஒரே பெயரில் அடக்குவது நோய்க்காரணத்தையே மறைத்துவிடும்.

மெலிந்த உடல் வேண்டுமென்றால் இந்தக் குறையைப் பொறுத்தே ஆகவேண்டும் என்பது வலுவான மறுப்பு. அதற்கான விடை ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில் இருக்கிறது. அதன் மூன்றாம் இன்ட்ரானில் ஒரே ஒரு எழுத்து மாறியதால், பிறந்தபின் தசையில் அதன் வெளிப்பாடு மும்மடங்காகிறது. சதை கூடுகிறது, முதுகுக் கொழுப்பு குறைகிறது. 2003இல் அறியப்பட்ட இம்மாற்றம் கால்சிய வாயிலைத் தொடுவதே இல்லை. ஆகவே சதைவளமும் தரக்கேடும் பிரிக்க முடியாத இரட்டையர் அல்ல. ஹாலோதேன் மரபணு எனப்படும் ரயனோடின் ஏற்பி மாற்றம் ஒற்றைப் பிரதியாக இருந்தால் இலாபம் தரும் என்ற வாதமும் நிற்காது. அத்தகைய பன்றிகளின் இறைச்சித் தரம், இரட்டைப் பிரதி உள்ளவற்றுக்கும் பிரதியே இல்லாதவற்றுக்கும் நடுவே வீழ்கிறது. ஹாலோதேனை முகரவைத்துப் பார்க்கும் சோதனையோ இரட்டைப் பிரதி உள்ளவற்றைத்தான் பிடித்தது. ஒற்றைப் பிரதியைச் சுமந்தவை டி.என்.ஏ. சோதனை வரும்வரை தப்பின.

அம்மரபணுவை நீக்கிய மந்தைகளிலும் வெளிறிய இறைச்சி தோன்றுவது உண்மையே. அறுப்புக்கு முந்தைய பதற்றமும் மெதுவான குளிரூட்டலும் அதற்குப் போதும். ஆனால் இது மரபின் பங்கை மறுக்கவில்லை. பெரிய மரபணுக்கள் விலகியபின் எஞ்சுவது சிறுசிறு விளைவுள்ள பல மரபணுக்களின் கூட்டு. தசையிடைக் கொழுப்பின் மரபுவழித் தகவு (வேறுபாட்டில் மரபின் பங்கு) ஏறக்குறைய 0.5, இறுதி பிஎச்சுக்கு அது சுமார் 0.2 மட்டுமே. முன்னதைத் தேர்வால் விரைந்து மீட்கலாம். பின்னதற்குப் பல தலைமுறைப் பொறுமையும், உடன்பிறப்புகளின் உடலங்களில் எடுக்கும் அளவீடுகளும் தேவை. இனத்தேர்வுக் குறியீட்டில் முதுகுக் கொழுப்பின் தடிமனுக்கு அருகிலேயே இறுதி பிஎச்சுக்கும் நீர்க்கசிவுக்கும் எடை தரவேண்டும்.