ஸ்டார் ட்ரெக் கார்ட்டூன் தொடர்

ஸ்டார் ட்ரெக் கார்ட்டூன் தொடர், அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1973 செப்டம்பர் 8 முதல் 1974 அக்டோபர் 12 வரை சனிக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பான அறிவியல் புனைகதைத் தொடர். ஃபில்மேஷன் நிறுவனம் தயாரித்த இத்தொடர் இரண்டு பருவங்களில் 22 அத்தியாயங்களாக வெளிவந்தது. சிக்கனமாக வரையப்பட்ட படங்களைக் கொண்டு கனமான கதைகளைக் குழந்தைகளுக்குச் சொன்னது இதன் தனிச்சிறப்பு.

தோற்றம்

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய, நடிகர்கள் நடித்த ஸ்டார் ட்ரெக் மூலத் தொடரை, பார்வையாளர் போதவில்லை என்று என்.பி.சி. 1969-இல் 79 அத்தியாயங்களோடு நிறுத்தியது. ஆனால் உள்ளூர் நிலையங்களின் மறுஒளிபரப்பு அதற்குப் புதிய ரசிகர்களைத் தேடித்தந்தது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர் மாநாடே நடந்தது. இந்த ஆதரவுக்குப் பிறகுதான் கார்ட்டூன் வடிவம் கைகூடியது. முதல் அத்தியாயம், மூலத் தொடர் தொடங்கிய அதே செப்டம்பர் 8-ஆம் நாள், ஏழு ஆண்டுகள் கழித்து வெளியானது.

கதைப் பொறுப்பு டி. சி. ஃபான்டனாவிடம் தரப்பட்டது. மூலத் தொடரின் கதைகளைச் செப்பனிட்டவரும் அவரே. 1973-இல் ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இருந்தது. கார்ட்டூன் எழுத்து சங்கத்தின் வரம்புக்குள் வரவில்லை. அதனால் தேர்ந்த எழுத்தாளர்கள் பலர் இத்தொடருக்கு எழுத முடிந்தது. டேவிட் ஜெரால்ட், அறிவியல் புனைகதை எழுத்தாளர் லாரி நிவன் ஆகியோர் அவர்களுள் அடங்குவர்.

குரல்கள்

வில்லியம் ஷாட்னர் (கேப்டன் கிர்க்), லியனார்ட் நிமாய் (வல்கன் கிரகத்து ஸ்பாக்), டிஃபாரஸ்ட் கெல்லி ஆகியோர் தங்கள் பழைய பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தனர். செலவைக் குறைக்க, சுலு, ஊஹுரா பாத்திரங்களின் குரலை ஜேம்ஸ் டூஹனும் மேஜல் பாரட்டும் பேசுவதாக முதலில் திட்டமிடப்பட்டது. மூலத் தொடரில் அப்பாத்திரங்களில் நடித்த ஜார்ஜ் டக்கேயும் நிஷல் நிக்கல்ஸும் இல்லாத தொடரில் தாமும் இல்லை என்று நிமாய் உறுதியாக நின்றார். எல்லா இனத்தவரும் சமமாகப் பணிபுரியும் எதிர்காலத்தைக் காட்டிய தொடரில் அவ்விருவரும் விடுபடுவது முறையல்ல என்பது அவரது வாதம். இருவரும் சேர்க்கப்பட்டனர். செகாவாக நடித்த வால்டர் கோனிக்குக்கு மட்டும் இடமில்லை. எனினும் ஓர் அத்தியாயத்தின் கதையை அவர் எழுதினார். டூஹன் தம் பழைய பாத்திரமான ஸ்காட்டியோடு வேறு பல பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்.

படமாக்கம்

ஒரே முகபாவமும் ஒரே நடையும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்ப வந்தன. வாய் மட்டும் அசைய, உடல் அப்படியே நிற்கும் காட்சிகள் ஏராளம். மறுபுறம், நடிகர்களைக் கொண்டு எடுக்க முடியாதவற்றை வரைந்து காட்ட முடிந்தது. மூன்று கைகளும் மூன்று கால்களும் உடைய அரெக்ஸ், பூனை இனத்தைச் சேர்ந்த ம்ரெஸ் ஆகியோர் கதை நிகழும் விண்கப்பலின் பணியாளர்களானார்கள். பாத்திரங்கள் விண்வெளியில் இறங்கும்போது விண்ணுடைக்குப் பதில் இடுப்பில் ஒரு பெல்ட் அணிந்தனர். உடலைச் சுற்றி மெல்லிய ஒளிக்கோடு தெரியும். புதிய உடை வரையும் வேலை இதனால் மிச்சமானது.

'யெஸ்டர்இயர்'

ஃபான்டனா எழுதிய இரண்டாம் அத்தியாயமே தொடரின் உச்சம். காலப் பயணத்திலிருந்து திரும்பும் ஸ்பாக்கை, கிர்க்கைத் தவிரக் கப்பலில் வேறு யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மாறிப்போன வரலாற்றில் அவன் ஏழு வயதிலேயே வல்கன் பாலைவனத்தில் இறந்துவிட்டிருந்தான். ஸ்பாக் தன் குழந்தைப் பருவத்துக்குச் சென்று, தூரத்து உறவினன் என்ற பெயரில் அந்தச் சிறுவனைக் காக்க முயல்கிறான். கொடிய விலங்கொன்று தாக்கும்போது சிறுவனின் கிழட்டு வளர்ப்புப் பிராணி ஐ-சயா குறுக்கே பாய்ந்து நஞ்சேறி வீழ்கிறது. இரவெல்லாம் பாலைவனத்தைக் கடந்து சிறுவன் மருத்துவரை அழைத்துவருகிறான். உயிரை நீட்டித்தால் வலியும் நீளும் என்கிறார் மருத்துவர். பிராணியை அமைதியாகப் போகவிடச் சிறுவனே முடிவெடுக்கிறான்.

குழந்தைகள் நிகழ்ச்சியில் செல்லப்பிராணி சாவதா என்று தொலைக்காட்சித் தரப்பு தயங்கியது. ஃபான்டனா கதையை மாற்றவில்லை. ராடன்பெரியும் அவருக்குத் துணைநின்றார். அந்தச் சாவு இல்லையென்றால் சிறுவனின் மனமுதிர்ச்சிக்குக் காரணமே இருந்திருக்காது. இழப்பைக் குழந்தைகளிடம் மறைக்காமல், அதை எதிர்கொள்ளும் விதத்தைச் சொன்னதுதான் இக்கதையின் மேன்மை.

விருதும் தொடர்ச்சியும்

1975-இல் சிறந்த குழந்தைகள் தொடருக்கான எம்மி விருதை இது வென்றது. மூலத் தொடர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் எம்மி பெறவில்லை. ஸ்டார் ட்ரெக் தொடர் ஒன்றுக்குக் கிடைத்த முதல் எம்மி இதுவே. ஆலன் டீன் ஃபாஸ்டர் இந்த அத்தியாயங்களைப் பத்து நூல்களாக எழுதினார்.

1980-களின் இறுதியில், கார்ட்டூன் நிகழ்வுகள் ஸ்டார் ட்ரெக்கின் அதிகாரபூர்வ வரலாற்றில் சேராது என ஒதுக்கப்பட்டன. ஆனாலும் பிற்காலப் படைப்பாளிகள் இதிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தனர். கிர்க்கின் நடுப்பெயர் டைபீரியஸ் என்பது முதலில் இங்குதான் சொல்லப்பட்டது. 1991-இல் வெளியான ஆறாம் திரைப்படம் அதை உறுதிசெய்தது. காடும் பனியும் கண்முன் தோன்றும் பொழுதுபோக்கு அறை 1974-இலேயே இதில் வந்தது. 1987-இல் தொடங்கிய அடுத்த தலைமுறைத் தொடரில் அதே எண்ணம் ஹோலோடெக் ஆனது. கடைசி அத்தியாயத்தில் அறிமுகமான கப்பலின் முதல் கேப்டன் ராபர்ட் ஏப்ரல், 2022-இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில் நடிகர் ஏற்ற பாத்திரமாகவே வந்தார்.

2006-இல் முழுத் தொடரும் டிவிடியாக வெளியானது. முதல்முறை பார்ப்பவர்கள் 'யெஸ்டர்இயர்' அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம்.