தாம்பரமும் பொங்கல் காலப் பேருந்து வேலைநிறுத்தங்களும்

சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகச் செல்கிறது. பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்வோர் பலரும் இப்புறநகர்களில் பேருந்து ஏறுவதால், அரசுப் பேருந்துகள் நின்றால் அவர்களின் விடுமுறைப் பயணம் தடைபடும்.

2018 ஜனவரி 4 அன்று மாலை அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஊதிய உயர்வுக் காரணி 2.57 ஆக இருக்க வேண்டும் எனத் தொழிற்சங்கங்கள் கோரின, அரசு 2.44 வழங்க முன்வந்தது. தற்காலிக ஓட்டுநர்களைக் கொண்டு சில பேருந்துகள் மட்டும் இயக்கப்பட்டன. ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபனைச் சென்னை உயர்நீதிமன்றம் மத்தியஸ்தராக நியமித்ததையடுத்து, பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 11 இரவு போராட்டம் முடிந்தது. எஞ்சிய 0.13 வேறுபாடு அவரது முடிவுக்கு விடப்பட்டது.

2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பத்து நாள்களில், 2024 ஜனவரி 9 அன்று, மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. அகவிலைப்படி நிலுவை, காலிப் பணியிடங்கள் ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். தொ.மு.ச. பங்கேற்காததால் பெரும்பாலான பேருந்துகள் ஓடின. மறுநாளே உயர்நீதிமன்றத்தில், ஜனவரி 19 வரை போராட்டத்தை நிறுத்திவைக்கச் சங்கங்கள் ஒப்புக்கொண்டன.

இருமுறையும் பண்டிகைக்கு முன் பேருந்துகள் வழக்கத்துக்குத் திரும்பின. கோரிக்கைகள் மட்டும் பண்டிகைக்குப் பிந்தைய பேச்சுவார்த்தைக்குத் தள்ளிப்போயின.